வந்து போகும் வைரஸ், தங்கிவிடும் வைரஸ்

ஓய்வு பெறும்வரை என் வேலை இதுதான்: பெண்கள் பிரிவிலிருந்து ஆல்கஹால் ஜாடியில் போட்டு அனுப்பும் ஸ்லைடுகளை எடுத்து, பாபனிகோலோ சாயத் தொட்டிகளில் வரிசையாக முக்கி, கவர் ஸ்லிப் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை பார்ப்பது. சந்தேகப்பட்ட இடத்தில் மசியால் ஒரு புள்ளி வைத்து டாக்டரிடம் தள்ளிவிடுவேன். கையெழுத்து அவருடையது, கண் என்னுடையது. பாப் ஸ்மியர் என்பார்கள், கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை. கருப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்த செல்கள் அந்தச் சாயத்தில் நீலப்பச்சையும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகத் தெரியும். முதல் தடவை பார்க்கிற பயிற்சி மாணவிகள் "எவ்வளவு அழகு!" என்பார்கள். அழகுதான். அதைப் பார்த்து ரசிக்க அரசு சம்பளம் தரவில்லை என்று சொல்லி வேலையைத் தொடங்கச் சொல்வேன்.

அந்தச் செல்களுக்கு நடுவே அவ்வப்போது வேறு மாதிரி ஒன்று தென்படும். உட்கரு உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கிக் கறுத்திருக்கும். அதைச் சுற்றி நிறமே ஏறாத ஒரு வெற்று வளையம், கூரான விளிம்போடு. சிலவற்றில் உட்கரு இரண்டாக இருக்கும். இதற்குக் கொய்லோசைட் என்று பெயர். லியோபோல்டு காஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1956இல் அந்தப் பெயரை வைத்தபோது, செல் ஏன் இப்படி ஆகிறது என்பது துலங்கவில்லை. 1976இல் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த மைசல்ஸ், ஃபோர்டின் இருவரும்தான் இது மனித பாப்பிலோமா வைரஸின், அதாவது எச்.பி.வி.யின் கைவரிசை என்று எழுதினார்கள்.

கொய்லோசைட் நிறைந்த ஸ்லைடைப் பார்த்தால் மாணவிகள் பதறுவார்கள். எனக்கு அவ்வளவு பதற்றம் வராது. வைரஸ் அங்கே பெருகிக்கொண்டிருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். அப்படிப் பெருகும் வைரஸ் அநேகமாகத் தானாகவே போய்விடும். முற்றிய புற்றுநோய் ஸ்லைடில் கொய்லோசைட்டைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வைரஸால் வரும் நோய், ஆனால் நோய் முற்றும்போது வைரஸின் அடையாளம் காணாமல் போகிறது. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

மிகச் சிறிய வைரஸ் இது. வளையமான ஒரு டி.என்.ஏ., அதில் சுமார் 8,000 எழுத்துகள், விரல்விட்டு எண்ணக்கூடிய மரபணுக்கள், அவ்வளவுதான் அதன் சொத்து. தன்னை நகலெடுத்துக்கொள்ளும் கருவிகள்கூட அதனிடம் இல்லை, நுழைந்த செல்லின் கருவிகளை நம்பித்தான் பிழைக்கிறது. கருப்பை வாயின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அடித்தட்டுச் செல்லுக்குள் போய்ச் சேரும். அந்தச் செல்கள் பிரிந்து, மெல்ல மேலே நகர்ந்து, முதிர்ந்து, கடைசியில் உதிர்ந்துவிடும். மேலே போன செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும், நகலெடுக்கும் கருவிகளையும் மூடிவைத்துவிடும். வைரஸுக்கோ அந்த மேல்தட்டில்தான் பெருகியாக வேண்டும். உதிரும் செல்லோடு வெளியேறி அடுத்தவரைச் சேர அதற்கு வேறு வழி கிடையாது.

அதற்காகவே ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது. செல்லைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் ஆர்.பி. என்ற புரதத்தை ஈ7 பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது, செல் மறுபடி பிரியத் தயாராகிறது. காரணமில்லாமல் இப்படிக் கிளம்பும் செல்லைத் தடுத்து நிறுத்துவதும், தேவைப்பட்டால் சாகச் செய்வதும் பி53 என்ற புரதத்தின் பொறுப்பு. ஈ6 அந்த பி53ஐச் செல்லின் சொந்தக் கழிவு ஏற்பாட்டிடமே பிடித்துக்கொடுத்து அழித்துவிடுகிறது. இத்தனையும் வைரஸ் தன் வம்சத்தைப் பெருக்கிக்கொள்ளச் செய்யும் வேலை, புற்றுநோயால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. வழக்கமாக ஈ2 என்ற இன்னொரு புரதம் ஈ6, ஈ7 இரண்டையும் அளவோடு வைத்திருக்கும். செல்கள் உதிரும், புதிய வைரஸ்கள் வெளியேறும், உடலின் எதிர்ப்பாற்றல் தாமதமாகவேனும் விழித்துக்கொள்ளும். தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் இது அடங்கிவிடுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

விபரீதம் நேர்வது மிச்சமிருக்கும் சிலரிடம். வைரஸ் வருடக்கணக்கில் தங்கும்போது அதன் வளையம் அறுந்து செல்லின் குரோமோசோமுக்குள் ஒட்டிக்கொள்ளலாம். பல நேரங்களில் அறுபடும் இடம் ஈ2 மரபணுவாக இருந்துவிடுகிறது. பிறகு ஈ6, ஈ7 இரண்டுக்கும் தடையே இல்லை. அந்தச் செல்லிலிருந்து இனி ஒரு வைரஸும் பிறக்காது, ஆனால் செல் பிரிந்துகொண்டே போகும், ஒவ்வொரு பிரிவிலும் பிழைகளைச் சேர்த்துக்கொண்டே போகும். எல்லாருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று சொல்ல முடியாது. 16ஆம் வகை, வளையம் அறுபடாமலே புற்றுநோயில் முடிந்ததும் உண்டு. 18ஆம் வகை அநேகமாக எப்போதும் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஹீலா செல்களைத் தெரியாமல் இருக்காது. 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தவை. அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில், அவர் இறந்துபோனார். செல்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் எட்டாவது குரோமோசோமில் எச்.பி.வி. 18 ஒட்டியிருப்பது பின்னாளில்தான் தெரிய வந்தது. அந்தச் செல்களுக்குள் ஈ2ஐ மறுபடி செலுத்திப் பார்த்தார்கள், பிரிவதை நிறுத்தி மூப்படைந்துவிட்டன. அத்தனை காலம் அவற்றை ஓடவைத்தவை எவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில், "சிஸ்டர், என் வீட்டுக்காரரைத் தவிர நான் யாரையும் அறியேன். எனக்கு எப்படி இது?" என்பார்கள். ஸ்லைடோடு வரும் தாளில் பெண்ணின் வயது, பிள்ளைகள் எண்ணிக்கை, கடைசி மாதவிடாய், வெள்ளைப்படுதல், உடலுறவுக்குப் பின் உதிரம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கட்டம்கூடக் கிடையாது. பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் ஊறிப்போன தாள் அது.

நான் சொல்லும் பதில் இதுதான். உடலுறவு என்ற ஒன்று வாழ்க்கையில் உள்ளவர்களில் பெரும்பாலோரை இந்த வைரஸ் எப்போதாவது ஒரு தடவை தொட்டிருக்கும், ஆண் பெண் பேதமில்லை. எந்த வருடம் வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முந்தைய காலத்திலிருந்து வீட்டுக்காரருக்கே தெரியாமல் அவரிடம் இருந்திருக்கலாம். பாசிட்டிவ் என்பதை நடத்தைச் சான்றிதழாகப் படிக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அந்தக் காகிதம் எழுப்பும் ஒரே உருப்படியான கேள்வி, வைரஸ் போய்விடுமா தங்கிவிடுமா என்பது. அதற்கு விடை காண அவகாசம் இருக்கிறது. சாதாரண எதிர்ப்பாற்றல் உள்ள பெண்ணுக்குத் தொற்றிலிருந்து புற்றுநோய்வரை 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை எடுக்காதவர்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். புகையிலையும் வைரஸுக்குத்தான் துணை நிற்கிறது.

இவ்வளவு அவகாசம் தரும் புற்றுநோய் அபூர்வம். அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில், இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வந்தவர்களைவிட வராதவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

திருமணத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பழைய கதை. 1842இல் இத்தாலியின் வெரோனாவில் ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நகரத்து மரணப் பதிவேடுகளைப் புரட்டி, கருப்பைப் புற்றுநோய் கன்னியாஸ்திரிகளிடம் அரிது, மணமானவர்களிடமும் விதவைகளிடமும் அதிகம் என்று காட்டினார். 1970களில் பழி ஹெர்பிஸ் வைரஸ் மீது விழுந்திருந்தது. ஜெர்மானியரான ஹரால்டு சூர் ஹவுசன் கட்டிகளுக்குள் ஹெர்பிஸைத் தேடினார். கிடைக்கவில்லை என்று 1974இல் ஃபுளோரிடாவில் ஒரு கூட்டத்தில் சொன்னார், கேட்டவர்கள் ஏற்கவில்லை. அவருடைய குழு 1983இல் எச்.பி.வி. 16ஐயும், 1984இல் 18ஐயும் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. எச்.பி.வி.யில் 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டின் கணக்கில்தான் வருகிறது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றுக்கும் இதில் இடம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கை. 2000த்தில் அங்கே டாக்டர் சங்கரநாராயணனும் சக ஆய்வாளர்களும் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுவரையான கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்தார்கள். மைக்ரோஸ்கோப் இல்லை, சாயமும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்குக் குளிரூட்டி அந்த இடத்தை அகற்றினார்கள். பரிசோதனை கிடைத்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் முடிவு வெளியானது.

பாப் ஸ்மியரால் வயிறு வளர்த்தவள் நான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: நம் ஊருக்கு அது மட்டும் போதாது. நல்ல சாயம், பழகிய கண், ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள் பஸ் ஏறி வரும் பெண் என்று மூன்றும் கூடினால்தான் அது பயன் தரும். மூன்றாவது அடிக்கடி கூடாது, எங்கள் அலமாரியில் யாரும் வாங்காத ரிப்போர்ட்டுகள் மஞ்சளேறிக் கிடக்கும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்த பெரிய ஆய்வில், வைரஸையே தேடும் எச்.பி.வி. பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததால் இந்தப் புற்றுநோய் மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகின. ஸ்மியருக்கு அப்படித் தெளிவான பலன் அங்கே தெரியவில்லை. 2009இல் அந்த முடிவு வந்தபோது ஆய்வகத்தில் நாங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டோம். என் தொழிலுக்குக் கெட்ட செய்தி, பெண்களுக்கு நல்ல செய்தி.

தடுப்பூசிக் கதையிலும் அம்பிளிக்கை வருகிறது. சிறுமிகளுக்கு இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க 2009இல் அம்பிளிக்கை உட்பட நாட்டின் பல இடங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சிறுமிகள் சிலர் இறந்ததால், 2010 ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஒப்புதல் வாங்கிய விதத்தில் குறைகள் இருந்தன என்றும் சொன்னது, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஆய்வு பாதியில் நின்றதால் ஏறக்குறைய 5,000 சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தார்கள். 16, 18 வகைகள் உடலில் தங்குவதை அந்த ஒரே ஊசியே சுமார் 95 சதவீதம் தடுக்கிறது என்று 2021இல் தெரிந்தது. இளம் பெண்களுக்கு ஒரு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதற்கு இந்தப் பெண்களும் ஒரு காரணம்.

"பிள்ளை பிறக்காமல் போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை எனக்கு அனுப்பாதீர்கள். ஊசிக்குள் இருப்பது வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம் மட்டுமே. டி.என்.ஏ. இல்லாத வெற்றுக் கூடு, எந்தத் தொற்றையும் தர அதனால் முடியாது. 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட ஸ்காட்லாந்துப் பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். ஏற்கெனவே தங்கிவிட்ட தொற்றை இந்த ஊசி நீக்காது. ஆகவே சிறுமிகளுக்கு ஊசி, முப்பதைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனை. ஊசி போட்டவர்களுக்கும் பின்னாளில் பரிசோதனை உண்டு. மாதவிடாய் நின்றபின் உதிரம் பட்டால் "சூடு" என்று சொல்லிக்கொண்டு வெந்தயம் ஊறவைக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

சூர் ஹவுசன் 2023இல் காலமானார். ஆண் பிள்ளைகளுக்கும் போட வேண்டும் என்று அவர் விடாமல் சொல்லிவந்தார். தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகிய இடங்களின் புற்றுநோய்களுக்கும் இந்த வைரஸ் காரணமாகிறது. ஆஸ்திரேலியா 2013 முதல் பையன்களுக்கும் போட்டுவருகிறது. என் தங்கை பேத்திக்கு ஊசி போட்ட அன்று அவள் அண்ணனுக்கும் போட்டுவிடலாம் என்றேன்.

"அவனுக்கு எதற்கு, அத்தை? அவனிடம் கருப்பையா இருக்கிறது?" என்று சிரித்தார் தங்கையின் மருமகன்.

"தொண்டை இருக்கிறதே, மாப்பிள்ளை" என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு விலையைக் கேட்டார். அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்றிருக்கிறார். நான் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன், அவருக்கும் தெரியும்.