கேம்பர் சுவரில் விழுந்த கோட்டம்

போன டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கராஜில், சின்னதாக ஒரு கேம்பர் ட்ரெய்லர், அதாவது உள்ளே படுத்துத் தூங்குகிற இழுவை வண்டி, கட்ட ஆரம்பித்தேன். பேக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் மாட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் போய் இரண்டு ராத்திரி தங்கிவர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பக்கச் சுவர் இரண்டுக்கும் 2440-க்கு 1220 மில்லிமீட்டர் பிளைவுட், 12 மில்லி கனம். உள்பக்கத்துக்கு மட்டும் இரண்டு கோட் வார்னிஷ் அடித்துவிட்டு, வெளிப்பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாய்த்து வைத்தேன். டர்பனில் ஜனவரிதான் கோடை, அந்த மாதப் புழுக்கம் தெரிந்ததுதானே, கொடியில் போட்ட துணியே காயாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பலகையும் வில் மாதிரி வளைந்து நிற்கின்றன. குழிந்த பக்கத்தில் முனைக்கு முனை நூல் பிடித்து அளந்தேன், நூலுக்கும் பலகைக்கும் நடுவில் 22 மில்லி இடைவெளி. வயிற்றைக் கலக்கியது.

கடைக்காரர் மட்டமான பலகையைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். தச்சு வேலை செய்த எங்கள் பெரிய மாமா வந்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். "பலகை மேல தப்பில்லப்பா. வார்னிஷ் அடிச்ச பக்கம் ஈரம் ஏறல, அடிக்காத பக்கம் குடிச்சு ஊதியிருக்கு. ஊதின பக்கம்தான் வெளிய தள்ளும்" என்றார்.

தரையில் ரீப்பர் கட்டைகளைப் பரப்பி, மேடு மேலே இருக்கும்படி பலகையைப் படுக்கப்போட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் படுகிற மாதிரி இடம் விட்டுச் செங்கல் அடுக்கினோம். 10 நாளில் 22 என்பது 9 ஆனது. அன்றைக்கே வெளிப்பக்கத்துக்கும் இரண்டு கோட், ஓரங்களுக்கு மூன்று, ஏனென்றால் ஓரம்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும்.

மிச்ச 9 மில்லியைப் பலகையோடு மல்லுக்கட்டி எடுக்க முடியாது, சட்டம்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு சுவரையும் மேடு வெளியே பார்க்க நிறுத்தி, நடுவில் குறுக்குப் பலகையும் மேலே 38-க்கு 38 பைன் சட்டங்களும் கொடுத்து, பசை தடவி, வெளியே சுற்றி ராட்செட் பெல்ட் (பல்சக்கரத்தால் இறுக்கும் பட்டை) போட்டோம். மாமா நூலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு பல்லாக இறுக்கினேன். ஸ்குரூ முடுக்கி, 24 மணி நேரம் பெல்ட்டைத் தொடவே இல்லை. அவிழ்த்தபோது 2 மில்லி.

கதவுதான் ரொம்பப் படுத்தியது. கதவுத் துண்டை முன்பே வெட்டி ஓரமாக வைத்திருந்தேன். சுவர் நேரான பிறகும் அது பழைய வளைவிலேயே இருந்தது, மூடினால் நடுவில் 4 மில்லி துருத்தும். உள்பக்கம் நாலு ஓரமும் சட்டம் ஒட்டி, சமமான மேசையில் கிளாம்ப் போட்டு இரண்டு நாள் காயவைத்த பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தது. கட்டப்போகிறவர்கள் தயவுசெய்து சுவரைச் சட்டத்தில் பூட்டிய பிறகே கதவை வெட்டுங்கள்.

ஈஸ்டருக்கு ஐசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மறுநாள் என்3 சாலையில் மலைக்குக் கிளம்பினோம். இரண்டு ராத்திரியும் நல்ல மழை. வீடு திரும்பியதும் முதல் வேலையாக உள்ளே நூலைப் பிடித்துப் பார்த்தேன், அதே 2 மில்லிதான்.