பெரிய ஐடி கம்பெனி ஆஃபர்: சேரும் முன் ஒரு வார்த்தை

என் சித்தப்பா மகனுக்கு கேம்பஸில் ஒரு பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனியில் (மற்ற நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து கொடுக்கும் கம்பெனி) வேலை கிடைத்திருக்கிறது. விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி, ஈசிஇ. "சேரலாமாக்கா?" என்று கேட்டான். தாராளமாகச் சேரு என்றேன். சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இல்லை. இவ்வளவு இருந்தால் பரீட்சைக்குக் கூப்பிடுகிற வேலை வேறு எங்கே இருக்கிறது? மெக்கானிக்கல், சிவில் படித்தவர்களையும் எடுத்து, சம்பளம் கொடுத்து கோடிங் கற்றுத் தருகிறார்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. சிபாரிசுக்கு ஆள் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

இன்னொன்று மெடிக்ளைம், அதாவது கம்பெனி மூலம் கிடைக்கும் மருத்துவக் காப்பீடு. வயதானவர்களுக்குத் தனியாக பாலிசி எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்பார்கள். கம்பெனியின் குரூப் பாலிசியில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் செய்தபோது, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கார்டையும் ஆதாரையும் கொடுத்தேன், அட்மிஷன் போட்டுவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று ஃபைனல் அப்ரூவல் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கையுறை, மாஸ்க் என்று பாலிசியில் வராத அயிட்டங்களுக்கு மட்டும்தான் கையிலிருந்து கட்டினோம். அப்பா நிலத்தை அடமானம் வைக்கவில்லை.

சரி, கஷ்டம் எங்கே? ப்ராஜெக்ட்டில். கிளையண்டுக்கு நம் நேரத்தை பில் போட்டுத்தான் கம்பெனி சம்பாதிக்கிறது. பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல், உட்கார்ந்திருப்பவர் வெறும் செலவு. அதனால் எங்கே ஆள் தேவையோ அங்கே தள்ளிவிடுவார்கள், நாம் என்ன கற்றோம் என்பது இரண்டாம்பட்சம். ஜாவா பயிற்சி முடித்த என்னை, ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் பழைய பாணி ராட்சதக் கம்ப்யூட்டர்) சப்போர்ட்டில் போட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பே கோபோல் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்ட ப்ரோகிராம்கள். ராத்திரி தானாக மொத்தமாக ஓடும் பேட்ச் ஜாப் அபெண்ட் ஆனால், அதாவது பாதியில் நின்றுபோனால், போன் வரும். எழுந்து லாகின் செய்து, எந்த ஸ்டெப்பில் நின்றது என்று பார்த்து ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ரிலீஸ், அதாவது அந்த ப்ராஜெக்ட்டிலிருந்து விடுவிக்கச் சொல்லி, கேட்டால் "ரீப்ளேஸ்மென்ட் கிடைக்கட்டும்மா" என்பார் மேனேஜர். வேலையை நன்றாகச் செய்யச் செய்ய, கிளையண்ட் நம்மை விடமாட்டான். என்னோடு வேலைக்குச் சேர்ந்து, சுமாராக வேலை செய்தவர்கள் எனக்கு முன்னால் ரிலீஸ் ஆனார்கள். அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு க்ளைம் எப்படி பாஸ் ஆகிறது, எதற்கு ரிஜெக்ட் ஆகிறது என்பதை அங்கேதான் கற்றேன். இன்று எனக்குச் சோறு போடுவது அந்த அறிவுதான்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ரெஷருக்கு வருஷம் மூன்று, மூன்றரை லட்சம் என்பது பத்து வருஷத்துக்கும் மேலாகப் பெரிதாக நகரவில்லை. துரைப்பாக்கம் பிஜி வாடகை மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அதனால் தம்பி, ட்ரெய்னிங் முடிவதற்குள் எந்த டெக்னாலஜி வேண்டும் என்று முடிவு செய். கம்பெனிக்குள்ளேயே நடத்தும் இன்டர்னல் சர்டிஃபிகேஷன் ஒன்றாவது முடித்து வை. எந்த ப்ராஜெக்ட் என்று சொல்லும் அலோகேஷன் மெயில் வந்ததும் சப்போர்ட்டா டெவலப்மென்டா, ஷிஃப்ட் உண்டா என்று டீம் லீடிடம் நேராகக் கேள். பிடிக்காவிட்டால் முதல் வாரத்திலேயே எழுத்தில் சொல்லிவிடு. பில்லிங் ஆரம்பித்த பிறகு அசைப்பது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம், ஆஃபர் லெட்டரில் பாண்டு தொகையையும் (சொன்ன காலத்துக்கு முன் விலகினால் கட்ட வேண்டியது) நோட்டீஸ் பீரியடையும் (ராஜினாமா கொடுத்த பிறகு வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) படி. பல இடங்களில் நோட்டீஸ் 90 நாள், ஆனால் புதிதாக எடுப்பவர்கள் உடனே வா என்பார்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டு, விட்டுவிட்டு வராதே. நாலரை வருஷத்தில் வேறு வேலை வந்தால் கிராஜுவிட்டியையும் (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) கணக்குப் போட்டுக்கொள். 5 வருஷம் முடித்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசி மாத ஊதியத்தில் (பேசிக்கும் டிஏவும்) 26-ல் 15 பங்கு வரும்.