விரியும் முனையா, நிலைத்த முனையா?

விஸ்கான்சின் மாநிலத்தில் மானுக்கான வில்வேட்டைக் காலம் செப்டம்பர் நடுவில் தொடங்கும். அதற்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போதே எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையை அம்புகள் பிடித்துக்கொள்ளும்; நான் பழைய செய்தித்தாளை விரித்து அம்பு முனைகளைப் பரப்புவதும், மனைவி முகம் சுளிப்பதும் பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்துவருகிற சடங்கு. இந்த ஆண்டு மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவள் என் மகள். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, முதல்முறையாகத் தன் பெயரில் உரிமம் வாங்கிப் பரண் ஏறப் போகிறவள். இரண்டு வகை முனைகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு எதுப்பா?” என்று கேட்டாள். ஒரு சொல்லில் விடை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மானைக் காயப்படுத்தித் தவறவிட்ட பிறகுதான் நான் அந்த விடைக்கு வந்து சேர்ந்தேன் என்பதால், முழுக் கதையையும் அவளிடம் சொன்னேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கோ வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசே உரிமமும் ஒரு மானுக்கு ஒன்று என்று சீட்டும் கொடுக்கிறது. 1934-லேயே வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கிய மாநிலம் இது. துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை, அறுத்துத்தான் கொல்கிறது. சவரக்கத்தி போன்ற பிளேடுகள் இரண்டு நுரையீரல்களையும் ஊடறுத்துச் சென்றால், மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும். அதனால் இங்கே முனையின் அகலம் எட்டில் ஏழு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றும், அது கூராக இருக்க வேண்டும் என்றும் விதியே இருக்கிறது.

நிலைத்த முனையில் பிளேடுகள் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டு அகலம் பெரும்பாலும் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் வரை. விரியும் முனையில் பிளேடுகள் உடலோடு மடங்கியிருக்கும். ஒரு ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் கழுத்துப்பட்டையோ அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். தோலில் பட்டவுடன் அவை விரிந்து ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் என்று வெட்டும். இரண்டுமே பொதுவாக 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம் எடையில் கிடைக்கின்றன.

நான் தொடங்கியது விரியும் முனையில்தான். கடையில் இருந்தவர் சொன்ன காரணம் உண்மையானதே: பிளேடில்லாத பயிற்சி முனை எங்கே போகிறதோ அங்கேயே இதுவும் போகும், வில்லில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவது ஆண்டு அக்டோபரில், கிக்கப்பூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓர் ஓக் மரத்துப் பரணில் இருந்தபோது, எட்டுக் கிளைக் கொம்புடைய ஆண் மான் ஒன்று இருபத்திரண்டு கெஜத்தில் வந்து நின்றது. பக்கவாட்டில் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. உண்மையில் அது என்னை நோக்கிச் சற்றுத் திரும்பியிருந்தது. நுரையீரலில் பட்டால் கேட்கும் பொத்தென்ற சத்தம் வரவில்லை. காய்ந்த மூங்கிலில் கல் பட்டதுபோல ‘டக்’ என்று கேட்டது. அறுபது கெஜம் தள்ளி முறிந்த அம்பு கிடந்தது. முனையோடு சேர்த்து நான்கு அங்குலத் தண்டில் மட்டும் இரத்தம். ஒரு பிளேடு விரிந்திருந்தது, மற்றொன்று பாதியில் வளைந்து நின்றுவிட்டது. அன்று இரவும் மறுநாள் முழுவதும் தேடினோம். மூன்று வாரங்கள் கழித்து, பக்கத்துப் பண்ணைக்காரரின் காட்டுக் கேமராவில் அதே மான் முன்னங்காலைச் சற்று நொண்டியபடி போவது பதிவாகியிருந்தது. பிழைத்தது என்ற நிம்மதியைவிட, அந்த நொண்டல் எனக்கு அதிகம் உறுத்தியது.

குற்றத்தை முனையின் மேல் மட்டும் போடுவது நேர்மையாகாது. அந்தக் கோணத்தில் நான் நாணை விட்டிருக்கவே கூடாது. இருந்தாலும் அடுத்த கோடையில் நிலைத்த முனைகள் மூன்று வாங்கிப் பயிற்சித் திடலுக்குப் போனேன். முப்பது கெஜத்தில் பயிற்சி முனைகள் நடுப்புள்ளியில் குத்தின. நிலைத்த முனைகள் நான்கு அங்குலம் இடப்பக்கம் போய்ச் சேர்ந்தன. முனை கெட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கெட்டிருந்தது முனையல்ல, வில்லின் சீரமைப்பு. முன்னால் நீட்டியிருக்கும் பிளேடுகள் காற்றில் சிறு இறக்கைகளாக வேலை செய்வதால், அம்பு நாணை விட்டு இம்மியளவு கோணலாகப் புறப்பட்டாலும் அவை அதைப் பெரிதாக்கித் திசைதிருப்பிவிடும். அம்பு தங்கும் தாங்கியை நூலிழை அளவாக வலப்புறம் நகர்த்தி எய்வதும், மீண்டும் நகர்த்தி எய்வதுமாக இரண்டு மாலைகள் போயின. இரண்டாம் நாள் இருட்டுகிற நேரத்தில் இரு வகை முனைகளும் ஒரே உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் விழுந்தன.

எனக்கு விஷயம் விளங்கியது அப்போதுதான். மூன்று ஆண்டுகளாக என் வில் அம்பைக் கோணலாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. விரியும் முனை அதை எனக்குக் காட்டாமல் மறைத்துவந்தது. கோணலாகப் பறக்கும் அம்பு குறியைத் தொடலாம்; ஆனால் உள்ளே இறங்கும்போது தண்டு பக்கவாட்டில் இடித்து, துளைக்க வேண்டிய ஆற்றலை வீணாக்கிவிடும். கடைக்காரர் வசதி என்று சொன்னது எதுவோ, அதுவே என் நோயை மூடிவைத்த போர்வை. விரியும் முனையை வாங்குபவர்கூட முதலில் ஒரு நிலைத்த முனையை எய்து தன் வில்லைச் சரிபார்த்துவிட்டு வாங்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அகலத்தைப் பற்றிய விளம்பரங்களையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குல அகலமுள்ள இருபிளேடு விரிமுனையின் மொத்த வெட்டு நீளம் இரண்டு அங்குலம். வெறும் ஒன்றே அரைக்கால் அங்குல அகலமுள்ள மூன்று பிளேடு நிலைமுனையோ, ஒரு பிளேடுக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேலாக, மொத்தம் ஏறத்தாழ 1.7 அங்குலம் வெட்டுகிறது. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்தால் தோன்றும் வித்தியாசம் இவ்வளவு சிறியதல்ல. பரணிலிருந்து எய்யும்போது அம்பு மேலே நுழைந்து கீழே வெளியேறுகிறது. மேல் துளையில் இரத்தம் உள்ளேயே தேங்கும், கீழ்த்துளைதான் தரையில் தடம் போடும். அம்பு மறுபக்கம் வெளியே வராவிட்டால், அகலமான ஒற்றைத் துளையை வைத்துக்கொண்டு இருட்டில் ஓக் சருகுகளைப் புரட்ட வேண்டியதுதான். கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துப்போய் உடும்பில் நின்றதாகப் புலவர் பாடியதை நம்பாவிட்டாலும், ஊடுருவிப் போவதைத்தான் அவர் வியந்தார் என்பதைக் கவனிக்கலாம்.

என் கட்சிக்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. மேரிலாந்தில் இண்டியன் ஹெட் கடற்படைத் தளத்தில், குறிபார்க்கும் தேர்வில் தேறியவர்களை மட்டும் வேட்டைக்கு அனுமதித்து, அம்பு பட்ட ஒவ்வொரு மானையும் பல ஆண்டுகள் பதிவுசெய்தார்கள். 1989 முதல் 2006 வரையான பதிவில் அம்பு பட்டவற்றில் 18 சதவீத மான்கள் கிடைக்காமல் போயின. அங்கேயே முனைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, நிலைத்த முனையில் ஏறத்தாழ 82 சதவீதமும் விரியும் முனையில் ஏறத்தாழ 91 சதவீதமும் மீட்கப்பட்டிருந்தன. விரிமுனையால் எய்த மான்களின் எண்ணிக்கை குறைவு என்றாலும், இதை ஒதுக்கித் தள்ள என்னால் முடியவில்லை. குறி இரண்டு அங்குலம் பின்னால் தவறி ஈரலில் படும்போது, அகலமான வெட்டு உண்மையிலேயே கைகொடுக்கும். போதிய ஆற்றலுள்ள வில்லோடு, பக்கவாட்டில் நிற்கும் மானை மட்டும் எய்கிறவர் விரிமுனை வைத்திருந்தால் நான் வாதாட மாட்டேன்.

மகளின் கேள்விக்கு விடை அந்த ‘போதிய ஆற்றல்’ என்பதில்தான் இருந்தது. அம்பின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 450240-ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். என் 430 கிரெய்ன் அம்பு விநாடிக்கு 245 அடி வேகத்தில் போகிறது, 57 அடி-பவுண்டு. அவள் இழுப்பது 42 பவுண்டு வில், கையும் குட்டை; அவளுடைய 340 கிரெய்ன் அம்பு விநாடிக்கு 205 அடி வேகத்தில் போகிறது, ஆற்றல் 32 அடி-பவுண்டைத் தொடவில்லை. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை மானுக்கு 25 முதல் 41 வரை என்கிறது. ஆக, அவளுடைய அம்பு மானுக்குப் போதும். ஆனால் பிளேடுகளை விரிக்கவும் அகலமாக வெட்டவும் செலவழிக்க அதில் மிச்சமில்லை. இருபது கெஜத்துக்கு மேல் எய்வதில்லை, தன்னை நோக்கித் திரும்பி நிற்கும் மானை எய்வதில்லை என்ற இரண்டு நிபந்தனைகளோடு, குறுகிய இருபிளேடு நிலைமுனையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நீங்களும் இதுதானேப்பா?” என்றாள். நானும் நிலைமுனைதான், மூன்று பிளேடு என்றேன். பிளேடின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடி லேசாகத் தள்ளிப் பார்த்தாள். முதல் முனை வழுக்காமல் நகத்தைக் கவ்வியது. இரண்டாவது சற்று வழுக்கியது; அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சாணைக்கல்லைக் கேட்டாள்.