பேப்பர் போடச் சொன்ன பிறகு

கம்பெனியில் என்னை பெஞ்சில், அதாவது வேலை எதுவும் தராமல் சும்மா, உட்கார வைத்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த மாதம் எச்.ஆர். கூப்பிட்டு, "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரெக்கார்டுக்கு நல்லது" என்றார். நானே ராஜினாமா செய்ய வேண்டுமாம். அன்றே கையெழுத்து வேண்டுமாம். வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி நானும் மனைவியும் அவற்றை வரிவரியாகப் படித்தோம். செட்டில்மென்ட் கணக்கில் கிராஜுவிட்டியையே (பணிக்கொடை) காணோம். ஐந்து வருடம் தாண்டியவருக்கு அது சட்டப்படி சேர வேண்டிய பணம்: கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும் என்பது அப்போதைய கணக்கு. கணக்கைப் போட்டு மெயில் அனுப்பினேன். ஒரு வார்த்தை மறுக்காமல் சேர்த்துக் கொடுத்தார்கள். கேட்காதவர்களுக்கு என்ன ஆகியிருக்குமோ!

அடுத்த கவலை அம்மாவின் சர்க்கரை வியாதி. வேலை போகிற அன்றே பெரும்பாலும் கம்பெனி மருத்துவக் காப்பீடும் போய்விடும். அதற்கு முன்பே விண்ணப்பித்தால் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. ஏற்கெனவே இருக்கும் வியாதிக்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலத்திலும் பழைய வருடங்கள் கழியும். பிரீமியம் கையைக் கடித்தது. ஆனாலும் கட்டினேன். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது. மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வீடியோக்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

வீட்டில் உட்கார்ந்து வேலை தேட முடியவில்லை. சித்தப்பா தினமும் போனில் "ஏதாவது தகைஞ்சுதாப்பா?" என்பார். அதனால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி முழுக்க டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. கூட்டம். பக்கத்து நாற்காலிப் பெண் கணக்குகளைப் போட்டு, விடைக்குறிப்பில் சரிபார்த்து, தப்பானதற்குச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். முகத்தில் சலனமே இருக்காது. நானும் சொதப்பிய இன்டர்வியூக் கேள்விகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பாதிக்கு மேல் எஸ்.க்யூ.எல். ஜாயின், அதாவது டேட்டாபேஸில் அட்டவணைகளை இணைப்பது பற்றிய கேள்விகள். சரி, அதைப் படித்தால் போயிற்று.

காலையில் நௌக்ரி என்ற வேலைதேடும் தளத்தில் புரொஃபைலை அப்டேட் செய்வது, மதியம் வரை படிப்பு, அப்புறம் பழைய சகாக்களுக்கு போன். ராத்திரியில் லிங்க்ட்இன் பக்கமே போவதில்லை. அடுத்தவர் புது வேலைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் போய்விடும். கடைசிச் சுற்று வரை கூட்டிப்போய்விட்டு வாயே திறக்காத கம்பெனிகள்தான் ரொம்பப் படுத்தின. ஒன்றில் பதிலுக்குக் காத்திருக்கும்போதே இன்னொன்றில் இன்டர்வியூ வைத்துக்கொண்டால் அது அவ்வளவாக உறுத்தாது. "ஏன் விட்டீங்க?" என்றால், "புராஜெக்ட் முடிஞ்சுது, டீமையே கலைச்சுட்டாங்க" என்பேன். யாரும் அதற்கு மேல் தோண்டவில்லை.

இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனி. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு; வேளச்சேரியிலிருந்து போய் வருவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. நௌக்ரி அப்டேட்டை இன்னும் நிறுத்தவில்லை.