கத்தாத கத்தாழையும் 150 ரூபாய் ஆட்டோவும்

முதலில் அந்த ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. விடியற்காலை நாலரைக்குப் பாம்பனில் இறங்கினேன். தென்கடல் கரைக்கு 150 ரூபாய் கேட்டார். இருட்டு, வழி தெரியாது, சரி என்று ஏறினேன். சீட்டில் ஒழுங்காக உட்காருவதற்குள் கரை வந்துவிட்டது.

போனது கத்தாழை மீனைப் பார்க்க. பார்க்க என்ன, கேட்க! காற்றுப்பையைத் தசையால் தட்டித் தட்டிச் சத்தம் போடும் மீன் இது. இங்கிலீஷில் இந்தக் குடும்பத்துக்கு முரசு என்றே பேர். அதைக் காதால் கேட்கத்தான் மதுரையிலிருந்து ராத்திரி பஸ். ஆனால் விசைப்படகிலிருந்து இறங்கியதெல்லாம் ஐஸில் விறைத்துக் கிடந்தன. ஏலக்காரர் மட்டும்தான் கத்தினார். கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"வலையிலருந்து எடுக்கையில கொர்கொர்னு கத்தும் தம்பி. இங்க வந்து கேட்டா எப்புடி?"

"கூறல் ஏதும் வந்திருக்காம்மா?"

"அது வந்தா கரையே கூடிருமே!"

கூறலும் இதே குடும்பம். குஜராத்தில் கோல் என்பார்கள், 2023இல் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். மவுசு கறியைவிட நெட்டிக்குத்தான். நெட்டி என்பது அதே காற்றுப்பைதான். காய்ந்து ஹாங்காங், சீனா பக்கம் சூப்புக்குப் போகிறது. ஒற்றைக் கூறல் லட்ச ரூபாய்க்கு மேல் போன செய்தியெல்லாம் வந்திருக்கிறது. என் பையில் அப்போது 640 ரூபாய்.

அப்புறம் சாப்பாடு. ஓலைக் கொட்டகைக் கடை, கத்தாழைக் குழம்போடு 120 ரூபாய். ஐயோ, அந்தக் குழம்பு! சதை பஞ்சு மாதிரி. கரண்டி போட்டால் உடைந்துவிடும் என்று அந்தக்கா சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினார். புளி தூக்கல். வஞ்சிரத்துக்குக் கொட்டிக் கொடுப்பவர்கள் ஒரு தடவை இதைத் தின்று பார்க்கட்டும். தலையைக் கேட்டு வாங்கி உறிஞ்சும்போது பல்லில் டக்கென்று ஏதோ பட்டது. பீங்கான் உடைசல் மாதிரி வெள்ளைக் கல், இரண்டு. மீனின் காதுக்கல். இந்தக் குடும்பத்துக்கு அது நல்ல பெரிசாகவே இருக்கும். கழுவி, பஸ் டிக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டேன்.

போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகாதீர்கள், தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆட்டோவும் வேண்டாம். திரும்பும்போது நடந்தே வந்தேன். எட்டு நிமிஷம்!