பூட்டிய கதவும் பாதிக் குவளையும்

குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடும் கூட்டம் ஒன்றுக்குப் போவது என்று முடிவெடுத்த நாளுக்கும், அங்கே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்த நாளுக்கும் இடையில் எனக்கு ஏழு வாரங்கள் ஓடிவிட்டன. கூட்டங்கள் கிடைக்காமல் இல்லை. தேடத் தொடங்கிய அரை மணி நேரத்திலேயே என் வீட்டைச் சுற்றி வாரத்தில் நான்கு நாட்கள் நடக்கின்றன என்று தெரிந்துவிட்டது. ஒன்று அலுவலகத்துக்கு மிக அருகில், ஒன்று மிகத் தொலைவில், இன்னொன்று நான் குடிக்க உட்காரும் நேரத்தில் என்று ஒவ்வொன்றையும் தட்டிக்கழித்தேன். அந்த மூன்றாவது காரணத்தை இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

முதல் முறை கிளம்பிப் போனபோது கதவு பூட்டியிருந்தது. நான் பார்த்த பட்டியல் பழையது. குழு வேறு நாளுக்கு மாறியிருந்தது. ஏமாற்றமாக இருந்தது என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில், என் பங்கைச் செய்துவிட்டேன், இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்ற நிம்மதியோடு அன்றிரவு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே குடித்தேன். ஆகவே பட்டியலில் நேரம் போட்டிருந்தாலும் தொலைபேசியில் ஒரு முறை கேட்டுக்கொண்டு போவது நல்லது. தயங்கும் மனத்துக்குப் பூட்டிய கதவு மிக வசதியான சாக்கு.

அடுத்த முறை, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நின்று குடியை விட உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் தானும் ஒரு குடிநோயாளிதான் என்று சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்கினார். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார் உட்பட யார் வேண்டுமானாலும் வரலாம், மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தால் அவதிப்பட்டு அதை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும் என்று விளக்கினார். தினமும் எவ்வளவு குடிப்பேன் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும், கூட்டத்துக்கு வருமுன் மருத்துவரைப் பாருங்கள் என்றார். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அடுத்து மனக்குழப்பமும் இல்லாதது தெரிவதும் தொடரலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பேச்சை முடிக்கும்போது, "நீங்கள் அழைத்ததற்கு நன்றி சார், இன்று எனக்கு இது தேவைப்பட்டது" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மருத்துவர் கொடுத்த மருந்தைத் தொடங்கி ஆறாம் நாள் கூட்டத்துக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலருகே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் மற்றவர்களுக்கெல்லாம் குவளையை நிரப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் பாதியளவு ஊற்றி, "மீதியைப் பிறகு தருகிறேன் தம்பி" என்றார். குவளையை வாங்கிய பிறகுதான் புரிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்திருக்கிறார். நடுக்கம் இன்னும் முழுதாக நின்றிருக்கவில்லை.

யாரும் என் வேலையையோ முகவரியையோ கேட்கவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதும் இல்லை, பேசி முடித்தவருக்கு அறிவுரை சொல்வதும் இல்லை. முதல் நாற்பது நிமிடங்கள் நான் வேறுபாடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்: இவருக்கு வேலை போயிருக்கிறது, எனக்குப் போகவில்லை, அவர் காலையிலேயே குடித்திருக்கிறார், நான் அப்படியில்லை. பிறகு ஓர் அம்மா பேசினார். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பதால் அவர் சொன்னதை எழுத மாட்டேன். என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: காலிப் பாட்டில்களை வெளியே கொண்டுபோகும்போது ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் பழைய துண்டில் சுற்றுகிறவன் நான். அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இடையில் உண்டியல் பை சுற்றி வந்தது. வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை. புதிதாக வருபவர் எதுவும் போட வேண்டியதில்லை. கடவுள் பேச்சுதான் எனக்கு ஒட்டவில்லை. குடியை விட இந்த அமைப்பு வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுளை 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற விலக்கு இருந்தும் நெருடுகிறது, இன்னமும் நெருடுகிறது. அது அறவே ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற குழுக்கள் உண்டு. எனக்கோ, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை அலசி, குடியை முற்றிலும் விட்டிருக்கச் செய்வதில் இந்தப் படிகளை ஒட்டிய முறை மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல என்று கண்டிருப்பது, தொடர்ந்து போகப் போதுமான காரணமாக இருந்தது.

தொலைபேசியில் கேட்ட அந்த 'நன்றி'யின் பொருள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் வரலாற்றைப் படித்தபோது விளங்கியது. 1935 மே மாதம், பின்னர் அதன் நிறுவனர்களில் ஒருவரான, அப்போது குடியை விட்டு ஐந்தே மாதங்களான பில் வில்சன், தொழில் முயற்சி தோற்றுப்போன நிலையில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து விடுதி ஒன்றின் முகப்பில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபக்கம் தொலைபேசி. தான் குடிக்காமல் இருப்பதற்காகவே பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடி அவர் தொலைபேசியை எடுத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் மற்றொரு நிறுவனரான மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு வந்தவர், பல மணி நேரம் பேசினார். சில வாரங்களில் அவரும் ஒரு முறை சறுக்கிவிட்டுத்தான் குடியை விட்டார்.

கூட்டம் முடிந்ததும் பெரியவர் மீதிப் பாதியை ஊற்றிக் கொடுத்தார். ஒரு துண்டுத் தாளில் நான்கு பேர் தங்கள் எண்களை எழுதித் தந்தார்கள். அதில் இரண்டு எண்களை இதுவரை அழைத்திருக்கிறேன். ஒரு முறை இரவு ஒன்றரை மணிக்கு.