எங்கள் மிஷன் பள்ளியில் தமிழ் வகுப்பு வந்த கதை

2025 பிப்ரவரி நடுவில், மலேசியாவின் பினாங்கில் இடைநிலைப்பள்ளி திறந்த முதல் நாள். பதிவு மேசையில் இருந்த ஆசிரியை என் மகனின் பாட அட்டவணையை நீட்டினார். மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல், நன்னெறி. மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தேன். தமிழ் இல்லை. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளை.

"தமிழ் எந்த நாளில்?" என்று கேட்டேன்.

"இங்கே தமிழ் வகுப்பு இல்லை, புவான். மாணவர் எண்ணிக்கை போதாது" என்றார் பணிவாக. அந்தப் பணிவால் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

நாங்கள் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் குடும்பம். ஆனாலும் மகனைக் கிறிஸ்துவ மிஷன் பள்ளியில் சேர்த்ததில் எங்களுக்குத் தயக்கமே இருந்ததில்லை. பினாங்கில் இது புதிதும் அல்ல. லா சால் சகோதரர்களின் செயின்ட் சேவியர்ஸ் பள்ளியும் கன்னியர் நடத்திய லைட் ஸ்திரீட் கான்வென்டும் 1852இல் தொடங்கியவை. மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1891இல் வந்தது. அன்றுமுதல் எல்லா மதத்துப் பிள்ளைகளும் அந்த வாசல்களில் நுழைந்து படித்திருக்கிறார்கள். என் அண்ணனும் ஜார்ஜ் டவுனில் ஒரு மிஷன் பள்ளியில்தான் படித்தார். அவரிடம் இருக்கும் ஒழுங்கு என் மகனுக்கும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு விலையாகத் தமிழைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

அன்றிரவு அண்ணனை அழைத்துப் புலம்பினேன். அவர்தான் சொன்னார்: "போதாது என்று சொன்னார்கள் அல்லவா? எத்தனை பேர் இருந்தால் போதும் என்று கேட்டாயா?"

நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை 15. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் அது இருக்கிறது: ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். பெற்றோர் கேட்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். 40 தமிழ்ப் பிள்ளைகள் படித்தாலும் யாரும் எழுதிக் கேட்காவிட்டால் வகுப்பு வராது. எங்கள் பள்ளியில் புகுமுக வகுப்பு முதல் ஐந்தாம் படிவம் வரை தமிழ்ப் பிள்ளைகள் முப்பதுக்கும் மேல் இருந்தார்கள். ஆக, ஆளுக்குக் குறைவில்லை.

மறுவாரம் அலுவலகத்துக்குப் போனேன். இதற்கென்று தனிப் படிவம் இல்லை, பள்ளி முதல்வர் பெயருக்குக் கடிதம் கொடுங்கள் என்றார்கள். ஒரே தாளில் 15 பேர் கையெழுத்திடுவதைவிட ஒவ்வொரு பெற்றோரும் தனித்தனியே கடிதம் கொடுப்பது நல்லது என்று சொன்னவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். அவர் சீனர், தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர். பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, பிறப்புப் பத்திர எண், பெற்றோரின் அடையாள அட்டை எண், தொலைபேசி எண், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கும்படி மலாய்மொழியில் ஒரு மாதிரிக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து 20 படிகள் எடுத்துக் கொடுத்தார். "யாராவது ஒருவர் பின்வாங்கினாலும் மற்றவர்களின் கடிதம் செல்லும்" என்று காரணமும் சொன்னார். இந்த யோசனை பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள். காலை ஷிஃப்ட் வாரங்களில் மாலையிலும், இரவு ஷிஃப்ட் வாரங்களில் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு பகலிலும் வீடு வீடாகப் போனேன். ஜெலுத்தோங், டத்தோ கெராமாட், ஆயர் ஈத்தாம். வாட்ஸ்அப் புலனக் குழுவில் செய்தி போட்டால் கட்டைவிரல் படம் வரும், கையெழுத்து வராது. நேரில் போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தேநீரைக் குடித்து, பிள்ளையையும் அருகில் அழைத்து வைத்துப் பேசினால்தான் வேலை நடந்தது.

மறுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய பயம் உண்மையானது. ஒரு தாய், ஐந்தாம் படிவ இறுதியில் வரும் எஸ்பிஎம் தேர்வை நினைத்து, "எஸ்பிஎம்மில் தமிழுக்கு ஏ கிடைப்பது கடினம். ஒரு பாடத்தால் என் மகளுக்கு உபகாரச் சம்பளம் போய்விட்டால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்னொருவர், பள்ளி நேரத்துக்குப் பிறகு வகுப்பு என்றால் பிள்ளை எப்படி வீடு வருவான் என்று கேட்டார். அதற்கும் அப்போது பதில் இல்லை. கேள்விகளைக் குறித்து வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று வாரத்தில் 15 கடிதங்கள் சேர்ந்தன. அதில் ஒருவர் மறுநாளே மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரே தாளில் எல்லாரும் கையெழுத்திட்டிருந்தால் அவர் பெயரை அடித்துத் திருத்திய தாளோடு முதல்வர் முன் நின்றிருப்பேன். இப்போது 14 சுத்தமான கடிதங்கள் இருந்தன. இன்னும் ஒன்று.

அந்த ஒன்று பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலிருந்து வந்தது. அங்கே மீ கோரேங் விற்கும் பாட்டியைப் பார்த்தால் சீனப் பெண்மணி என்றே எல்லாரும் நினைப்பார்கள். பிறப்பால் சீனர்தான். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தமிழ்க் குடும்பம் தத்தெடுத்து வளர்த்தது. நம் நாட்டில் அந்தக் காலத்தில் இப்படி வளர்ந்த பெண் குழந்தைகள் நிறைய. நெற்றியில் பொட்டு, வாயில் தூய தமிழ். அவருடைய பேரன் இரண்டாம் படிவத்தில் படித்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன். நான் அவனுடைய அம்மாவை ஏற்கெனவே பார்த்து, யோசித்துச் சொல்கிறேன் என்ற பதிலோடு திரும்பியிருந்தேன்.

கடிதங்கள் இருந்த கோப்பினை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பாட்டி கரண்டியோடு வந்து நின்றார். "அதில் என்னம்மா எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். விளக்கினேன். "என் மகள் போட்டுவிட்டாளா?" என்றார். இல்லை என்றேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மகளைத் தொலைபேசியில் அழைத்தார். நான் கேட்டது ஒரு பக்கம் மட்டும்தான். "என்னைப் பெற்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது இந்தப் பேச்சு ஒன்றுதான். அதை என் பேரன் எழுதக்கூடத் தெரியாமல் போக வேண்டுமா?" அன்று மாலை ஐந்து மணிக்கு மகள் வேலை முடிந்து நேரே பள்ளி வாசலுக்கு வந்து கையெழுத்திட்டார்.

ஏப்ரலில், நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்ததும், கடிதங்களை முதல்வரிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்தார். மாநிலக் கல்வி இலாகாவுக்கு அனுப்புவதாகவும் ஆசிரியர் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார். கொடுத்த கடிதங்களுக்குப் பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கிக்கொண்டேன். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. பின்னால் விசாரிக்கப் போகும்போது அந்தத் தேதிதான் பேசும்.

காத்திருந்த நாள்களில் பிள்ளைகள் தமிழை விட்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டோம். பள்ளியோடு இணைந்த தேவாலயத்தில் தமிழ்ச் சபை ஒன்று ஞாயிறுதோறும் கூடுகிறது. அதன் மூப்பர் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் தாம் கற்பிப்பதாகச் சொல்லி அனுப்பினார். எங்களில் சிலருக்குத் தயக்கம். தேவாலயத்தில் வகுப்பென்றால் மதம் பேசுவார்களோ என்று ஒரு தந்தை வெளிப்படையாகவே கேட்டார். ஐயா கோபப்படவில்லை. "நியாயமான கேள்வி. பெற்றோர் பின்வரிசையில் உட்காருங்கள். தமிழைத் தவிர வேறு எதுவும் என் வாயிலிருந்து வந்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்" என்றார். முதல் இரண்டு வாரம் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். மூன்றாம் வாரம், முதலில் அப்படிக் கேட்ட தந்தையே வெள்ளைப்பலகை தூக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வகுப்பில்தான் ஐயா ஒரு நாள் 1816ஐப் பற்றிச் சொன்னார். ஆங்கிலிக்கன் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் அந்த ஆண்டு நடந்த தமிழ் வகுப்பைத்தான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கம் என்று கொள்கிறோம். 2016இல் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோமே, அந்தக் கணக்கு இங்கிருந்து சில நிமிட தூரத்தில் தொடங்கியது என்றார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்கள்.

மே மாத இறுதியில், பள்ளி தமிழுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தபோது, அவர் கொடுத்த வீட்டுப்பாடம்: பாட்டிக்கோ தாத்தாவுக்கோ ஒரு கடிதம். என் மகன் கெடாவில் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு எழுதினான். நான்கு வரி. "அன்புள்ள பாட்டி, நான் நலம். எங்கள் பள்ளியில் தமிழுக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் கூரை ஒளுகுகிறது. ஆனாலும் நல்ல அறை." ஐயா சிவப்பு மையால் 'ளு'வைச் சுழித்து மேலே 'ழு' என்று எழுதியிருந்தார், ஓரத்தில் "உண்மையை எழுதியிருக்கிறாய், நன்று." அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

ஜூன் விடுமுறைக்குப் பிறகு ஆசிரியை வந்தார். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுபவர்; வாரம் இரண்டு நாள் பள்ளி நேரம் முடிந்தபின் இங்கே கற்பிக்க ஒப்புக்கொண்டவர். நான் குறித்து வைத்திருந்த கேள்விகள் அப்போது ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. மதிய உணவுக்கு முன்னாள் மாணவர் சங்கம் கூப்பன் கொடுத்தது. சிற்றுண்டிச்சாலைப் பாட்டி அந்தக் கூப்பனுக்கு எப்போதும் முட்டையை இலவசமாகச் சேர்ப்பார். வகுப்பு முடியும் நேரத்தில் தேவாலய வேன் டத்தோ கெராமாட் பக்கமும், ஒரு தந்தையின் கார் ஆயர் ஈத்தாம் பக்கமும் போயின. மற்றவர்கள் கொம்தாரில் பஸ் மாறினார்கள். உபகாரச் சம்பளம் பற்றிக் கேட்ட தாயிடம் ஆசிரியையே போய்ப் பேசினார். அவர் மகள் ஆகஸ்டில் வகுப்பில் சேர்ந்தாள்.

கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. மிஷன் பள்ளிகளின் நிலைமை வெளியில் பலருக்குத் தெரியாது. ஆசிரியர்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. நிலமும் கட்டடமும் மிஷனுடையவை. அரசு மானியம் வராத ஆண்டுகளில் பெரிய பழுதுகளுக்குப் பள்ளி வாரியமும் பெற்றோரும்தான் நிதி திரட்ட வேண்டும். செப்டம்பரில் நடந்த கேன்டீன் தினம் அதற்காகத்தான். தமிழ் வகுப்புப் பெற்றோர் உளுந்து வடையும் முறுக்கும் போட்டோம். மூன்று அடுக்குமாடிகளில் கூப்பன் புத்தகம் விற்றவன் என் மகன். தொடக்கப்பள்ளியில் மேடையேறச் சொன்னால் அழுத பிள்ளை, எதிர்வீட்டு முதியவரிடம் ஹொக்கியன் சீனத்தில் விலை சொல்லிக் காசு எண்ணி வாங்கியதை நான் படிக்கட்டில் நின்று கேட்டேன். முன்னாள் மாணவரான ஒரு குத்தகையாளர் கூலி வாங்காமல் ஓடு மாற்றிக் கொடுத்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம் கனத்த மழை. வகுப்பு முடிந்து வந்தவன் பையை வைப்பதற்கு முன்னால் சொன்ன சேதி, "அம்மா, ஒரு சொட்டுக்கூட இல்லை."

டிசம்பரில் ஆண்டு முடிந்தபோது வகுப்பில் 19 பேர். என் மகனின் மலாய்மொழி மதிப்பெண்ணும் ஏறியிருந்தது. தமிழ் படித்ததால் மற்ற மொழி கெடவில்லை என்பதைத் தயங்கும் பெற்றோருக்காகக் குறிப்பிடுகிறேன். ஐந்தாம் படிவம் முடித்து நால்வர் போய்விடுகிறார்கள். எனவே ஜனவரியில் புதிய மாணவர் பதிவு நாளன்று வாசலில் எங்களுக்கு ஒரு மேசை போட முதல்வர் அனுமதி கொடுத்திருக்கிறார். மாதிரிக் கடிதம் 30 படிகள் எடுத்து வைத்திருக்கிறேன். அன்று எனக்கு இரவு ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து நேரே அங்கே வந்துவிடுவேன். அதுவரை மேசையில் உட்காருவதாகச் சிற்றுண்டிச்சாலைப் பாட்டி சொல்லியிருக்கிறார்.